போய் வந்தவள் போன கதை

ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓடைக்கரைப்பட்டியைச் சேர்ந்த வேல்விழி, வயது இருபத்தொன்று, அச்சுத் தொழில்நுட்பம் இறுதியாண்டு மாணவி, ஜப்பான் நாட்டில் மூன்று மாத காலம் தொழிற்பயிற்சி பெறும் பொருட்டு முறைப்படி விண்ணப்பித்து முறைப்படி தேர்வு பெற்றாள். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதற்கப்புறம்தான் முறை தெரிந்தவர்கள் உள்ளே வந்தார்கள்.

அவள் மொத்தம் எழுபத்தொரு கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அறுபத்தெட்டுப் பேர் பதில் போடவில்லை. இரண்டு பேர் மிகுந்த மரியாதையோடு மாட்டேன் என்றார்கள். மிச்சமிருந்த ஒன்று, மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் நாற்பது ஆட்களை வைத்து மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிற கம்பெனி. அதன் நிர்வாகி ஓகுரா என்கிற பெரியவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் எங்களிடம் வர விரும்புகிறீர்கள்?

வேல்விழி உள்ளதை உள்ளபடி எழுதினாள். "எங்கள் மாமா பிரஸ்ஸில் அச்சாகிற காலண்டர் அம்மனுக்கு உதடு ஒரு இடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறு இடத்திலும் இருக்கும். உங்கள் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு முடி அளவுகூட நிறம் விலகவில்லை. அது எப்படி என்று பார்த்தே ஆக வேண்டும்."

ஓகுரா மறுநாளே சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டார். ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும். அதற்கு முன் உங்கள் அரசாங்கம் தரும் தடையின்மைச் சான்று ஒன்றை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா முருகேஸ்வரி பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். கடிதத்தை வாங்கி, எழுத்து புரியாவிட்டாலும், முதலிலிருந்து கடைசி வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். "இந்தச் சரம் பின்னுற பொழப்பு என்னோட நிக்கட்டும் தாயி. நீ போயிட்டு வா. இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவெளக்கு எடுக்கேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். வேல்விழிக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

சிவகாசிப் பக்கத்தில் அப்போது ஜப்பான் சீசன். அந்த ஊருக்கே குட்டி ஜப்பான் என்று பட்டம் உண்டு என்பதால், பெரிய ஜப்பானுக்குப் போவதை அடுத்த தெருவுக்குப் போவது போலத்தான் எல்லோரும் பேசினார்கள். ஊருக்கு நாலு பயிற்சி மையம். அவற்றில் தலையாயது முனியராஜின் சகுரா அகாடமி. அதே பெஞ்சில் முன்பு டைப்ரைட்டிங் நடந்தது, பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ், போன வருஷம் வரை ஜெர்மன். போர்டில் ஒரு வார்த்தையை மட்டும் அழித்து எழுதுவார். ஜப்பானைப் பற்றி அவருக்கு இருந்த நேரடி அனுபவம், சென்னை விமான நிலையத்தில் ஒரு ஜப்பான்காரரை எட்ட நின்று பார்த்தது.

வேல்விழியும் நாலு நாள் போய்ப் பார்த்தாள். முனியராஜ் கையில் பள்ளிக்கூடத்துப் பாகைமானியோடு நின்றார்.

"சமமான ஆளுக்குப் பதினஞ்சு டிகிரி. மேனேஜருக்கு முப்பது. முதலாளிக்கு நாப்பத்தஞ்சு. எங்க, குனி பாப்போம். இது இருபத்தேழு. இந்த மூணு டிகிரியிலதான் போன பேட்சுல ஒருத்தனுக்கு வேல போச்சு."

"மொழி எப்ப சார் சொல்லித் தருவீக?"

"முதுகு வளையாதவனுக்கு மொழி எதுக்கும்மா?"

ஐந்தாம் நாள் வேல்விழி வீட்டிலேயே உட்கார்ந்து கைபேசியைப் பார்த்து ஜப்பான் மொழி படிக்க ஆரம்பித்தாள். இவ்வளவில் எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும், தாய்மாமன் இசக்கிப்பாண்டி மட்டும் சும்மா இருந்திருந்தால்.

இசக்கிப்பாண்டிக்குச் சொந்தமாகப் பிரஸ் உண்டு. ஃபிளெக்ஸும் அடிப்பார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, எட்டாம் நாள் காரியம், எதுவானாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஃபிளெக்ஸ் கட்டாமல் நடந்ததாக ஆகாது. அக்கா மகள் ஜப்பான் போகிறாள் என்றால் சும்மா விடுவாரா? கடிதம் வந்த மூன்றாம் நாள் தெருமுனையில் இருபதடி அகலத்துக்கு ஒன்று ஏறிவிட்டது. பின்னணியில் பனிமலை, மலைக்கு மேலே விமானம், மூலையில் எதற்கும் இருக்கட்டும் என்று சீனப் பெருஞ்சுவர். நடுவில் வேல்விழி. "ஜப்பான் மண்ணில் கால் பதித்திருக்கும் எங்கள் குலவிளக்கை வாழ்த்தி மகிழ்கிறோம்." கீழே வாழ்த்தி மகிழ்கிறவர்களின் படங்கள், மொத்தம் நாற்பத்திமூன்று.

"மாமா, நான் இன்னும் போகவே இல்லையே!"

"போகப்போறன்னு அடிச்சா ரெண்டு மாசத்துல பழசாயிரும் மருமவளே. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருசக் காலண்டரை எறக்குற ஊரு இது. எதையும் முன்கூட்டி அடிச்சுப் பழகிட்டோம். இதப் பாரு..." என்று அவர் ஒரு சுருளை விரித்துக் காட்டினார். "ஜப்பானில் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துத் தாயகம் திரும்பியிருக்கும்" என்று தொடங்கியது. அதே பனிமலை, விமானம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. "ரோல்ல மிச்சம் விழுந்துச்சு. வீணாவா போகணும்? நீ வந்ததும் கட்டிக்கிருவோம்."

பிள்ளை பெறுமுன் பேர் வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். இவர் காதும் குத்தி மொய்யும் எழுதிவிட்டார்.

தடையின்மைச் சான்றை வழங்குவது விருதுநகரில் உள்ள அயல்நாட்டுப் பயிற்சி இசைவுப் பிரிவு. வேல்விழி அங்கே போய் மனுக் கொடுத்தாள். மாடியில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் "முதன்முறை செல்வோர்" என்று எழுதி, கீழே பதினான்கு ஆவணங்களின் பட்டியல் இருந்தது. அந்த வரிசை படியிறங்கித் தெரு வரை வந்தது. இன்னொன்றில் "மறுமுறை செல்வோர்" என்றிருந்தது. அங்கே ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. பதினான்கையும் கொடுத்தாள். இனி விண்ணப்பதாரர் சொன்ன முகவரியில் இருக்கிறாரா என்று கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும்.

அந்தப் பொறுப்பில் இருந்தவர் பிரபாகரன். நல்ல மனுஷர். சொன்ன நாளுக்கு மறுநாளே பைக்கில் வந்துவிட்டார். தெருமுனையில் ஃபிளெக்ஸுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, நாற்பத்திமூன்று படங்களையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு வேல்விழி வீட்டுக்கு வந்து, அவள் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். "மேற்படி நபர் தற்சமயம் ஜப்பானில் உள்ளார்."

"சார், நான் இங்கன உங்க முன்னாடி நிக்கேன்!"

"தெரியுதும்மா."

"பின்ன ஜப்பான்ல இருக்கேன்னு எழுதுதீகளே?"

"தெருவுல இருபதடிக்கு எழுதியிருக்கே. நாப்பத்திமூணு பேரு சாட்சி. நீ இங்க இருக்கேங்கிறதுக்கு எத்தன பேரு சாட்சி?"

"எங்க அம்மா இருக்காக."

"அம்மா படமும் அதுல முத வரிசையில இருக்கு" என்றார் பிரபாகரன் வருத்தத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது வரிசையில என் படமும் இருக்கும்மா. உங்க மாமா மரியாதைக்குப் போட்டிருக்காரு. வாழ்த்தி மகிழ்ந்துட்டு, இப்ப நானே போகலைன்னு எழுதுனா, என் படத்துக்கு என்ன மதிப்பு?"

"பாஸ்போர்ட்டப் பாருங்க சார். ஒரு சீல்கூட இல்ல."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "சீல் சரியா விழல போலிருக்கு. நம்ம ஆபீஸ் சீலும் இப்படித்தான்."

அறிக்கை விருதுநகருக்குப் போனது. வேல்விழியும் அதன் பின்னாலேயே போனாள். அங்கே கண்காணிப்பாளர் மொக்கைச்சாமி. கோப்பில் இல்லாத எதையும் முப்பது வருஷ சர்வீஸில் ஒருநாளும் நம்பாதவர்.

"யாரும்மா நீங்க?"

"வேல்விழி சார். மனு எண் நானூத்திப் பன்னெண்டு."

அவர் கோப்பைப் புரட்டினார். "வேல்விழி ஜப்பான்ல இருக்காங்களே."

"நாந்தான் சார் வேல்விழி."

"அப்படின்னா நீங்க பண்ணினது பெரிய தப்பும்மா. அனுமதி இல்லாம ஜப்பான் போனது ஒண்ணு. அங்க இருந்துகிட்டே இங்க வந்து அனுமதி கேக்கறது இன்னொண்ணு."

"நான் இங்கதான் இருக்கேன்னு நீங்க கண்ணால பாக்கீகளே சார்!"

"நான் பாக்கறது ஃபைல்ல சேராதும்மா. ஒரு ஆளு ஒரு எடத்துல இருக்காருன்னு அரசு ஏத்துக்கிட்டா, அந்த ஆளு அங்க இருந்து திரும்பினதா அரசு ஏத்துக்கிற வரைக்கும் அவரு அங்கதான் இருக்கணும். திரும்பி வந்ததுக்கு ஆதாரம் கொண்டு வாங்க. மேல யோசிப்போம்."

"போகாத ஆளு திரும்பி வந்ததுக்கு ஆதாரத்துக்கு எங்க சார் போவேன்?"

"ஜப்பான் வரைக்கும் போன பொண்ணு, இதுக்குப் போய் மலைக்கிறீங்களே" என்றார் மொக்கைச்சாமி, ஆறுதலாக.

வீட்டில் இசக்கிப்பாண்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அந்த இரண்டாவது சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"வேணாம் மாமா. அது இன்னொரு பொய்."

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும், ஃபிளெக்ஸை ஃபிளெக்ஸாலதான் எடுக்கணும். போனேன்னது ஒரு பொய். வந்தேன்னது ஒரு பொய். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சா, நீ போகாத ஆளாயிருவே. கணக்குச் சரிதானே?"

கணக்கு சரிதான். ஆனால் அரசாங்கத்தில் கழித்தல் கிடையாது, கூட்டல் மட்டும்தான். பிரபாகரன் வந்தார், இரண்டாவது ஃபிளெக்ஸைப் பார்த்தார். அதிலும் அவர் படம் இருந்தது, இந்தத் தடவை முதல் வரிசையில். "மேற்படி நபர் ஜப்பானில் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துத் தாயகம் திரும்பியுள்ளார்" என்று ஒரு சொல் மாறாமல் பார்த்து எழுதினார். போகும்போது, "எளச்சுட்டியேம்மா" என்றார்.

மே ஐந்தாம் தேதி மொக்கைச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து நின்று அவளை வரவேற்றார். "வாழ்த்துகள்மா. நம்ம மாவட்டத்துக்கே பெருமை." கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார். மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து. வேல்விழி ஆவலோடு படித்தாள். 'அயல்நாட்டுப் பயிற்சி நிறைவுச் சான்று' என்றிருந்தது.

"சார், தடையின்மைச் சான்று?"

"முடிச்ச பயிற்சிக்கு எதுக்கும்மா அனுமதி? நகல் ஒண்ணு ஜப்பான் கம்பெனிக்கும் தகவலுக்காக அனுப்பியாச்சு. அனுமதியில்லாமப் போன குத்தத்தையும் பெருந்தன்மையா மன்னிச்சு, மனுவை முடிச்சு வச்சாச்சு."

பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை வேல்விழி அழுதாள். எழுபத்தொரு கடிதம் எழுதி, ஒரே ஒரு கதவு திறந்து, அந்தக் கதவுக்குள் அவள் போய் வந்துவிட்டதாக அவள் கையிலேயே சான்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான். அவளுக்கு வரவில்லை.

ஊருக்கு வேறு கவலை. சகுரா அகாடமி வாசலில் "எங்கள் மாணவி" என்று அவள் படம் ஏறியது. முனியராஜ் அவளைக் கண்டதும் நாற்பத்தைந்து டிகிரி குனிந்தார், பாகைமானி இல்லாமலே. வந்து மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். அவள் போகவில்லை. "பெரிய எடத்துக்குப் போயிட்டு வந்துட்டால்ல, நம்ம கூடப் பேசுவாளா" என்றது ஊர்.

அம்மாவும் ஆரம்பத்தில் பட்டாசுக் கம்பெனியில் எல்லோரிடமும், "அவ இன்னும் போகலக்கா, வீட்டுலதான் இருக்கா" என்று சொல்லிப் பார்த்தாள். நாலே நாளில் அலுத்துவிட்டது.

"ஏம்மா போயிட்டு வந்துட்டான்னு சொன்னயாம்?"

"நூறு பேரு கேக்கும்போது எம்புட்டு தடவைடி இல்லன்னு சொல்ல? கையில சரம் நிக்குது. ஆமான்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுருது."

சான்று வாங்கிய ஆறாம் நாள் ஓகுராவிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று பக்கம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

'மதிப்பிற்குரிய வேல்விழி அவர்களுக்கு. தாங்கள் எங்களிடம் மூன்று மாதம் பயிற்சி முடித்ததாகத் தங்கள் அரசின் முத்திரையிட்ட ஆவணம் கிடைத்தது. எங்கள் பதிவேடுகளில் தங்கள் வருகை எங்குமே இல்லை. இது குறித்து ஆறு பேர் இரண்டு நாள் கூடிப் பேசினோம். ஒரு அரசின் முத்திரை தவறாக இருக்க வழியில்லை. ஆகவே தவறு எங்களுடையதுதான். மூன்று மாதம் எங்களோடு இருந்த ஒருவரை ஒரு நாள்கூடக் கவனிக்காமல் விட்டதற்காக வெட்கப்படுகிறோம். வருகைப் பதிவேட்டுப் பொறுப்பாளர் தலை தாழ்த்தி மன்னிப்புக் கோருகிறார்.'

வேல்விழி உடனே உட்கார்ந்து பதில் எழுதினாள். நான் வரவே இல்லை ஐயா, இங்கே நடந்தது இது, என்று ஃபிளெக்ஸ் முதல் மொக்கைச்சாமி வரை ஒன்று விடாமல் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. 'எங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக, வரவே இல்லை என்று சொல்லும் தங்கள் பெருந்தன்மை எங்களை மேலும் வெட்கப்பட வைக்கிறது. இந்த ஆண்டுக்குத் தேர்வான பெண் இன்னும் தடையின்மைச் சான்று அனுப்பவில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. தாங்கள் மீண்டும் ஒருமுறை வருவீர்களானால், இம்முறை நன்றாகக் கவனித்துக்கொள்வோம்.'

அதை அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு தலையை வாரிப் பின்னிக்கொண்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள்.

இந்தத் தடவை இரண்டாவது ஜன்னல். பூனை எழுந்து இடம் விட்டது. உள்ளேயிருந்து அதே மொக்கைச்சாமி எட்டிப் பார்த்தார்.

"மறுமுறையா? பலே. இதுக்கு ஆவணம் ஒண்ணும் வேண்டாம்மா. ஒரே ஒரு கேள்விதான். போன தடவை ஒழுங்காத் திரும்பி வந்தீங்களா?"

வேல்விழி பைக்குள் கையை விட்டாள்.

"வந்தேன் சார்."

"ஆதாரம்?"

"நீங்க கொடுத்ததுதான் சார்." நிறைவுச் சான்றை நீட்டினாள்.

மொக்கைச்சாமி தம் கையெழுத்தைத் தாமே ஒருமுறை பார்த்து ரசித்தார். நாலு நிமிஷத்தில் முத்திரை விழுந்தது, தெளிவாக. "பாத்தீங்களாம்மா, எல்லாத்தையும் முறைப்படி செஞ்சா எவ்வளவு சுளுவு?" என்றார். தெரு வரை நின்ற முதல் ஜன்னல் வரிசை அவளைப் பொறாமையோடு பார்த்தது. விசாவும் பத்து நாளில் வந்துவிட்டது. மாமா மூன்றாவது ஃபிளெக்ஸைக் கட்டினார். 'மீண்டும் ஜப்பான் மண்ணில்.' எல்லாம் பழைய படம்தான், 'மீண்டும்' மட்டும் புதுசு.

ஜூன் ஒன்றாம் தேதி அந்த மலையடிவாரத்து ரயில் நிலையத்தில் ஓகுராவும் இன்னும் மூன்று பேரும் காத்திருந்தார்கள். வேல்விழி நாற்பத்தைந்து டிகிரி குனிந்தாள். அவர்கள் தொண்ணூறு குனிந்தார்கள். குற்ற உணர்ச்சிக்கு என்ன டிகிரி என்று முனியராஜ் சொல்லித் தந்திருக்கவில்லை.

பயிற்சிக்குப் புதிதாக வந்த வேறு இரண்டு பேருக்கு மூன்று நாள் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார்கள். வேல்விழி பழைய ஆள் என்பதால் அவளை நேரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று முடியளவு விலகாமல் விழுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்காகத்தானே இவ்வளவும். சிக்கல் எப்போது வந்ததென்றால், அந்தப் புதுப் பிள்ளைகள் இருவரும் முதல் நாள் காலையிலேயே அவளிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டபோது. அவள் யோசித்து இடப்பக்கம் கை காட்டினாள். அது மை வைக்கிற அறை.

"போன தடவை இங்கதான் இருந்துச்சு" என்று சமாளித்தாள், கற்றுக்கொண்ட ஜப்பான் மொழியில்.

பக்கத்தில் நின்ற ஓகுரா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அறிவிக்காமல் இடம் மாற்றியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

அன்று ராத்திரி அம்மாவோடு கைபேசியில் பேசினாள். அங்கே ஓடைக்கரைப்பட்டியில் அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள் முருகேஸ்வரி. சுற்றி நாலு பேர் நிற்கிற சத்தம் கேட்டது.

"சோறு கெடைக்குதா தாயி?"

"கெடைக்குதும்மா."

"எடமெல்லாம் எப்படி?"

"நல்லா இருக்கும்மா. இப்பத்தான் எல்லாத்தையும் பாக்கேன்."

"பாரு, பாரு." அம்மா சுற்றி நின்றவர்களை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, கவலையாக, மகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஏ வேலு, போன தடவை சரியாத் திங்காம அம்புட்டு எளச்சுப்போயி வந்தே. இந்தத் தடவையாவது ஒழுங்காச் சாப்பிடு."

வேல்விழி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"சரிம்மா" என்றாள். "போன தடவை மாதிரி இருக்க மாட்டேன்."